மண்ணில் வைரஸ் இருக்கிறதா? நூற்புழுவைப் பிடித்து பிசிஆரில் பார்க்கும் முறை

காரைக்குடியில் ஆச்சி வீட்டுக் கொல்லையில் ஒரு மிளகாய்ப் பாத்தி. நடுவில் ஒரு வட்டம் மட்டும் குட்டையாக, வெளிறிப்போய் நின்றது. "மண்ணுலதான் என்னமோ இருக்கு ராசா, ஒன் மிசின்ல வச்சுப் பாரு" என்றார் ஆச்சி. பார்த்தேன். மிசின் என்றால் பிசிஆர், மரபுப்பொருளின் ஒரு துண்டைக் கோடிக்கணக்கில் நகலெடுக்கும் கருவி. புதிதாகச் செய்கிறவர்களுக்காக அந்த வரிசையையே எழுதுகிறேன், நான் செய்த தப்புகளோடு.

முதலில், சோதனை தேவைதானா என்று பாருங்கள். வெண்டை முழுக்க நரம்பு மஞ்சளித்தால் அது வெள்ளை ஈ பரப்புவது. மண்ணைத் தோண்ட வேண்டாம். மண்ணிலிருந்து சில வைரஸ்களைச் செடிக்குக் கடத்துவது நூற்புழு, வேரில் சாறு குடிக்கும் மிகச் சின்ன நூல் மாதிரிப் புழு. அது ஆண்டுக்கு ஒன்றிரண்டு மீட்டர் நகர்ந்தாலே பெரிசு. அதனால் அது பரப்பும் நோய் திட்டுத் திட்டாகத்தான் தெரியும். எல்லா நூற்புழுவும் வைரஸ் சுமப்பதில்லை. சிபினிமா, லாங்கிடோரஸ், டிரைக்கோடோரஸ், இவற்றின் உறவுக்காரர்கள், அவ்வளவுதான். திராட்சையின் விசிறி இலை வைரஸை சிபினிமா பரப்புவதை 1958இல் கலிபோர்னியாவில் காட்டினார்கள். விஷயமே அங்கேதான் தொடங்கியது. நம் ஊரில் அதிகம் பார்க்கும் வேர்முடிச்சு நூற்புழு வைரஸைக் கடத்தாது. அதனால் மண்வெட்டி எடுக்கும் முன் ஒரு செடியைப் பிடுங்கி வேரில் முடிச்சு இருக்கிறதா என்று பாருங்கள். நான் பார்க்கவில்லை.

மண் எடுப்பது

சித்திரையில் நம் செம்மண் பாறை மாதிரி இருக்கும், புழுவும் கிடைக்காது. ஐப்பசி, கார்த்திகை ஈரத்தில் எடுங்கள். திட்டின் ஓரத்தில் ஐந்தாறு இடங்களில், 15 முதல் 30 செ.மீ. ஆழத்தில், சல்லி வேரோடு சேர்த்து மொத்தம் ஒரு கிலோ போதும். பிளாஸ்டிக் பையில் கட்டி நிழலில் வையுங்கள். உயிருள்ள புழு வேண்டும். வெயிலில் நிற்கும் வண்டிக்குள் வைத்தால் வெந்துவிடும்.

அரிப்பது

அரிசியில் கல் அரிக்கத் தெரிந்தவர்களுக்கு இது பாதி தெரிந்த வேலை. 250 கிராம் மண்ணை ஒரு வாளித் தண்ணீரில் கலக்கி, அரை நிமிடம் விட்டால் மணல் அடியில் தங்கும், புழு மிதக்கும். மேல் தண்ணீரை முதலில் பெருங்கண் சல்லடையில் ஊற்றி வேரையும் குப்பையையும் எடுங்கள். அப்புறம் 60 மெஷ் (அங்குலத்துக்கு 60 கண்) சல்லடை, கடைசியாக 325 மெஷ். நீளமான சிபினிமா 60இல் தங்கும். ஒரு மில்லிமீட்டர்கூட வராத டிரைக்கோடோரஸ் 325இல். சிவப்புக் கலங்கல் போகும்வரை மெதுவாகக் கழுவுங்கள். மண் குழாய்க்குள் போனால் பிசிஆர் நொதி முடங்கும்.

பொறுக்குவது

பொறுமை வேண்டியது இங்கேதான். நுண்ணோக்கியில் ஈட்டி மாதிரி நீண்ட ஊசி வாயில் தெரிந்தால் சிபினிமா. சுருட்டு மாதிரி தடித்து, வளைந்த பல்லோடு இருந்தால் டிரைக்கோடோரஸ். மெல்லிய மூங்கில் குச்சியால் இருபது முப்பது புழுக்களை ஒரு குழாயில் சேருங்கள், முதிர்ந்தவையாகப் பார்த்து. வைரஸ் ஒட்டியிருப்பது புழுவின் உணவுக்குழாய் உள்தோலில். தோலுரிக்கும்போது அதுவும் கழன்றுவிடும். முட்டை வழியாகவும் குஞ்சுக்குப் போகாது. முதிர்ந்த புழு தோலுரிப்பதில்லை.

ஆர்.என்.ஏ.வும் பிசிஆரும்

இந்த வைரஸ்களின் மரபுப்பொருள் ஆர்.என்.ஏ. கை வியர்வையில் இருக்கும் நொதியே அதைச் சிதைத்துவிடும். கையுறை போட்டு, தெர்மாகோல் பெட்டி ஐஸில் வைத்தே புழுவை நசுக்குங்கள். கிட்டில் சொன்னபடி ஆர்.என்.ஏ.வைப் பிரித்து, ரிவர்ஸ் டிரான்ஸ்கிரிப்டேஸ் நொதியால் டி.என்.ஏ. நகலாக்கிய பிறகுதான் பிசிஆர். 35 சுற்று போதும்.

மிளகாய்க்கு நான் தேடியது டிரைக்கோடோரஸ் கடத்தும் டொபாக்கோ ராட்டில் வைரஸ். அதற்கு இரண்டு ஆர்.என்.ஏ. துண்டுகள். இரண்டாவது துண்டு வைரஸின் வகைக்கு வகை மாறும். சில வகைகளில் இருக்கவே இருக்காது. அதனால் பிரைமர் (எதை நகலெடுக்க வேண்டும் என்று பிசிஆருக்குக் காட்டும் சிறு டி.என்.ஏ. ஜோடி) முதல் துண்டுக்கானதாக இருக்கட்டும். வழக்கமாகப் பயன்படும் ஜோடி 463 காரஇணை நீளமுள்ள நகலைத் தரும், அது ஜெல்லில் ஒரு கோடாகத் தெரியும்.

கூடவே மூன்று குழாய்கள் கட்டாயம்: வைரஸ் உறுதியான ஒரு மாதிரி (கோடு வர வேண்டும்), வெறும் தண்ணீர் (வரக் கூடாது), எல்லாப் புழுவிலும் இருக்கும் 18எஸ் மரபணுவுக்கு ஒன்று (வந்தால் உங்கள் ஆர்.என்.ஏ. சரி). என் முதல் ஓட்டத்தில் தண்ணீரிலும் கோடு வந்தது. என் பிப்பெட்தான் அழுக்கு. ஒரு நாள் வேலை குப்பைக்கு.

நகல்களை நீளவாரியாகப் பிரிக்கும் 1.5 சதவீத அகரோஸ் ஜெல்லில் ஓட்டிப் பாருங்கள். கோடு வந்தால் உடனே குதிக்காதீர்கள். புழு குடித்த சாற்றில் கிடந்த வைரஸும் கோடு காட்டும். கடத்துகிறதா என்று அறிய அதே மண்ணில் சுத்தமான வெள்ளரிக் கன்றை நான்கு வாரம் வளர்த்து, அதன் வேரைச் சோதியுங்கள்.

ஆச்சி மண்ணுக்கு இரண்டாம் ஓட்டத்தில் தண்ணீர் சுத்தம், 18எஸ் பளிச்சென்று வந்தது, வைரஸ் கோடு இல்லை. அப்புறம்தான் போய் ஒரு செடியைப் பிடுங்கினேன். வேர் முழுக்க முடிச்சு. ஆச்சி இப்போது அந்த வட்டத்தில், வேர்முடிச்சு நூற்புழுவை அடக்க, செண்டுமல்லி போட்டிருக்கிறார்.