செம்பு வயர் கறுத்தால், பச்சை பிடித்தால் என்ன செய்வது

கல்லடியிலிருந்து அக்கரைப்பற்று வரை கடலை ஒட்டிய வீடுகளில் பழைய பிளக் பொயின்ட்டைக் கழட்டினால், உள்ளே செம்பு அதன் சொந்த நிறத்தில் இருப்பது அரிது. எந்த நிறத்துக்கு மாறியிருக்கிறது என்பதை வைத்தே காரணத்தைக் கண்டுபிடிக்கலாம்.

சீரான மங்கல் பழுப்பு என்றால் ஒட்சிசன் பட்ட மெல்லிய படை. அதற்காக வயரை மாற்றத் தேவையில்லை.

திருகாணியின் அருகில் மட்டும் கறுத்து, பிவிசி உறையும் விறைத்து நொறுங்கினால் அது சூட்டின் வேலை. 10 அம்பியர் ஓடும் முனை தளர்ந்து 0.1 ஓம் தடை வந்தாலே, திருகாணித் தலையளவு இடத்தில் 10 வாட் சூடு பிறக்கும். சூட்டில் ஒட்சைட்டுப் படை தடிக்கும், தடை கூடும், சூடு இன்னும் ஏறும். வீட்டில் தீப்பிடிப்பதற்கு இது ஒன்றே போதும்.

உறைக்குள் நீளத்துக்கும் கறுத்திருந்தால் ஈரம் உள்ளே போயிருக்கிறது. மலகூடக் குழி, வாவிச் சேறு ஆகியவற்றிலிருந்து வரும் ஐதரசன் சல்பைட்டும் செம்பைக் கறுக்க வைக்கும்.

பச்சை என்றால் களிம்பு: உப்பும் ஈரமும் சேர்ந்தது. உப்பு காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக்கொள்வதால் மழையில்லாத நாளிலும் அரிப்பு நிற்காது. கிணற்றடி மோட்டர்ப் பெட்டி, வெளி மின்குமிழ் ஹோல்டர், ஏர்த் கம்பியின் கிளாம்ப் ஆகிய மூன்றையும் மாரி தொடங்குமுன் திறந்து பாருங்கள்.

மெயின் சுவிட்சை நிறுத்தி, டெஸ்டரால் சரிபார்த்த பிறகே கை வையுங்கள். மீற்றர்ப் பக்கம் அப்போதும் மின்சாரம் இருக்கும். அங்குள்ள இணைப்புகள் மின்சாரம் வழங்கும் நிறுவனத்துக்குரியவை, தொடவே கூடாது.

கறுத்த நுனியை வெட்டி, 10 முதல் 12 மில்லிமீற்றர் உறையை உரித்துப் பாருங்கள். பளிச்சென்ற செம்பு வரும் வரை சிறிது சிறிதாக வெட்டுங்கள். 7/0.67 (0.67 மில்லிமீற்றர் தடிப்பில் ஏழு இழை) போன்ற பல இழை வயரில் இழைகளின் இடைவெளி திரிபோலத் தண்ணீரை உறிஞ்சி உள்ளே கொண்டுபோகும். ஒரு சாண் வெட்டியும் கறுப்பு முடியவில்லை என்றால் அந்தத் துண்டு முழுவதையும் மாற்றத்தான் வேண்டும். நடுவில் முறுக்கி டேப் சுற்றுவது வேண்டாம், டேப் ஈரத்தைத் தடுக்காது.

குத்துவிளக்குத் துலக்கும் புளி, தேசிக்காய், வினாகிரி எதையும் வயரில் போடாதீர்கள். நிறம் உடனே பளபளக்கும்; ஆனால் இழைகளுக்குள் தங்கும் அமிலம் அடுத்த மாதமே பச்சையைக் கொண்டுவரும். இழைகளுக்கு ஈயம் பூசித் திருகாணியில் பூட்டுவதும் பிழைதான்: அழுத்தத்தில் ஈயம் மெல்ல நசிந்து இணைப்பு தளரும்.

இழைகளை முறுக்கி, ஒன்றும் வெளியே நீளாமல் செருகி இறுக்குங்கள். பிறகு வயரை இழுத்துப் பாருங்கள், அசையக் கூடாது. கறள் பிடித்த இரும்புத் திருகாணியைத் திரும்பப் போடாமல் பித்தளையில் ஒன்று வாங்குங்கள். வெளிப் பெட்டிக்கு வயரைக் கீழ்ப்பக்கமாக நுழைத்து, நுழையுமுன் சற்றுத் தொங்கலாக விடுங்கள். தண்ணீர் அந்த வளைவிலேயே சொட்டிவிடும்.

ஏர்த் கிளாம்ப் பச்சை பிடித்திருந்தால் கழட்டி, அரத்தாளால் தேய்த்து இறுக்கி, மேலே கிறீஸ் பூசுங்கள். மின்கசிவில் தானாக மின்சாரத்தை நிறுத்தும் ட்ரிப் சுவிட்சின் டெஸ்ட் பொத்தான் வேலை செய்கிறதே என்று இதை விட்டுவிட வேண்டாம். ஏர்த் வயர் அறுந்து கிடந்தாலும் அந்தப் பொத்தானை அழுத்தினால் சுவிட்ச் ட்ரிப் ஆகும்.