பள்ளியில் பறை வகுப்பு: எங்கே சறுக்குகிறது?

முதல் தவறு வாங்கும்போதே நடந்துவிடுகிறது. வகுப்பில் 40 பிள்ளைகள் என்றால் 40 பறை. அத்தனையும் ஒரே அறையில் முழங்கினால் யார் தாளம் தப்புகிறார்கள் என்று ஆசிரியருக்கே கேட்காது. எட்டுப் பறை தாராளம். ஒரு குழு அடிக்கட்டும், இன்னொன்று கைதட்டிச் சொற்கட்டை, அதாவது அடியை வாயால் சொல்லும் தாளச் சொற்களை, சொல்லட்டும், மற்றவர்கள் காலடி வைக்கட்டும். ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை மாற்றிவிடுங்கள். சொற்கட்டு வாயில் வருவதற்கு முன் குச்சியைக் கையில் கொடுத்தால் வெறும் இரைச்சல்தான். வகுப்பு மைதானத்தில் நடக்கட்டும்.

மிருதங்க வகுப்பு மாதிரி சம்மணமிட்டு உட்கார வைப்பது அடுத்த தவறு. பறை தோளில் மாட்டி, நின்று, ஆடிக்கொண்டே அடிப்பது. காலடிதான் பிள்ளைகளின் வேகத்தைப் பிடித்து வைக்கிறது. உட்கார்ந்தவர்கள் நாலாவது சுற்றிலேயே தாளத்தை முந்தி ஓட ஆரம்பிப்பார்கள். நடக்கும் வேகத்தில் தொடங்குங்கள்.

குச்சியிலும் அலட்சியம் வேண்டாம். வலக்கைக்கு குட்டையான, தடித்த அடிக்குச்சி. இடக்கைக்கு நீளமான, வளைந்து கொடுக்கும் மெல்லிய மூங்கில் சிம்பு. இரண்டும் ஒரே தடிமனில் இருந்தால் இரண்டு கைக்கும் ஒரே ஓசை வரும், அடியின் அழகே போய்விடும். இடக்கைப் பழக்கமுள்ள பிள்ளைக்கு மாற்றிப் பிடிக்க விடலாம்.

சென்னையில் பெரிய எதிரி ஈரக்காற்று. ஐப்பசி, கார்த்திகை மழையில் தோல் நீரை உறிஞ்சித் தளர்ந்து, 'டம்' என்பது 'தொப்' ஆகிவிடும். உடனே ஓங்கி அடிக்கச் சொல்வார்கள். மணிக்கட்டு வலிக்கும், ஓசை வராது. வைக்கோல் அல்லது காகிதத்தில் தீ மூட்டிக் காய்ச்ச வேண்டும். சுடரில் காட்டக் கூடாது. அனலில், ஒரு முழம் தள்ளி, சுழற்றிக்கொண்டே இருக்க வேண்டும். அவ்வப்போது விரலால் தட்டிப் பாருங்கள், ஓசை கணீரென்று ஏறியதும் நிறுத்திவிடுங்கள். அதிகம் காய்ந்தால் தோல் வெடிக்கும், வேப்பமரச் சட்டத்தில் ஒட்டிய ஓரமும் பெயரும். அந்தப் பசை பெரும்பாலும் புளியங்கொட்டைப் பசை. அதற்குத் தண்ணீரும் ஆகாது, ஈரத்துணியால் துடைக்காதீர்கள். தீ மூட்டும் வேலை பெரியவர்களுடையது. பக்கத்தில் ஒரு வாளித் தண்ணீர் இருக்கட்டும். கடற்காற்று வீசும் இடத்தில் நடுவில் மறுபடி காய்ச்ச வேண்டி வரும்.

தீ மூட்ட அனுமதி கிடைக்காத பள்ளிக்கு ஃபைபர் பறை சரி. ஓசை கூர்மையாக இருக்கும், தோலின் கார்வை வராது. ஒன்றிரண்டு தோல் பறையாவது வைத்திருந்தால்தான் பிள்ளைகளுக்கு வித்தியாசம் காதில் ஏறும். பிளாஸ்டிக் உறையில் கட்டி பீரோவில் அடைத்தால் பூஞ்சை பிடிக்கும். காற்றோட்டமான சுவரில், வெயில் படாமல் மாட்டுங்கள்.

'சாவுக்கு அடிப்பதுதானே' என்று பெற்றோர் கேட்டால் சிலர் பேச்சை மாற்றுகிறார்கள். கோயில் திருவிழாவுக்கும் கல்யாணத்துக்கும் தனித்தனி அடிகள் உண்டு. சாவு அடியும் கலைதான். பறை மேல் சுமத்தப்பட்ட சாதி இழிவையும் மேல் வகுப்புகளில் மறைக்காமல் சொல்லுங்கள். பேச்சை மாற்றுவதைவிட மோசமானது, குறிப்பிட்ட சில பிள்ளைகளிடம் மட்டும் பறையைக் கொடுத்துவிட்டு மற்றவர்களைக் கீபோர்டுக்கு அனுப்புவது. முறை போட்டு எல்லாரையும் தோளில் மாட்டச் சொல்லுங்கள், ஆசிரியரையும் சேர்த்து.

பறைக் கலைஞரை ஆண்டு விழாவுக்கு முந்தைய வாரம் மட்டும் அழைத்தால் பிள்ளைகளுக்கு ஒரு பாட்டுக்கான அடி மனப்பாடமாகும், அவ்வளவே. வாரம் ஒரு வகுப்பென்று ஆண்டு முழுக்க வைத்து, சம்பளத்தையும் போக்குவரத்துச் செலவையும் முதலிலேயே பேசி முடித்துவிடுங்கள்.