பழைய டிரக்டரில் ஸ்பார்க் பிளக் முறிந்துவிட்டதா? கை வைக்க முன் இதைப் பாருங்கள்

முதலில், உங்கள் டிரக்டரில் பிளக் இருக்கிறதா என்று பாருங்கள். சிரிக்க வேண்டாம். திருகோணமலைப் பக்கம் தம்பலகாமத்திலும் கந்தளாயிலும் வயலில் ஓடுகிறவற்றில் பெரும்பாலானவை டீசல். டீசல் எஞ்சினில் ஸ்பார்க் பிளக் கிடையாது. ஹெட்டில் (சிலிண்டரை மேலே மூடி நிற்கும் பகுதி) செருகி நிற்பது டீசலைத் தெளிக்கிற இன்ஜெக்டர் அல்லது ஸ்டார்ட்டுக்கு முன் சூடாக்குகிற குளோ பிளக், அதை எடுக்கிற முறையே வேறு. இங்கே சொல்வது பெற்றோலிலும் மண்ணெண்ணெயிலும் ஓடுகிற பழசுகளுக்கு: 1946 முதல் 1956 வரை இங்கிலாந்தின் கொவென்ட்ரியில் செய்த சாம்பல் நிற பெர்குசன் டிஈ20 (அதிலும் டீசல் வகை உண்டு), பழைய பெற்றோல் லாண்ட்மாஸ்டர் (கையால் பிடித்து ஓட்டுகிற இரு சக்கர டிரக்டர்), அப்புறம் நிலாவெளி, குச்சவெளிப் பக்கம் வெங்காயத்துக்குத் தண்ணீர் இறைக்கிற மண்ணெண்ணெய் பம்ப்.

கடற்கரைப் பக்கம் பிளக் இறுகுவதற்கு உப்புக்காற்று ஒன்றே போதும். கொட்டிலில் ஒரு போகம் முழுக்கச் சும்மா நின்ற வண்டியில் பிளக்கின் இரும்பு உடல் ஹெட்டோடு துருவாலேயே ஒட்டிப்போய்விடும், ஹெட் அலுமினியம் என்றால் இன்னும் மோசம், இரும்பைத் தொடும் இடத்தில் அலுமினியம் அரிபட்டுத் திருகுப் புரிக்குள்ளே வெள்ளைப் பொடியாக அடைத்துக்கொள்ளும். இதை யோசிக்காமல் ஸ்பனரில் நீட்டுக் குழாயைச் செருகி ஒரே இழுவையாக இழுப்பதில்தான் முக்கால்வாசிப் பிளக்குகள் முறிகின்றன. பிடிக்கவும் வேண்டும் சரியான சொக்கெட்டால். 14 மில்லிமீற்றர் புரிப் பழைய பிளக்குக்கு பெரும்பாலும் 21 மில்லிமீற்றர். சொக்கெட்டைச் சரித்துப் பிடித்தால் பீங்கான் முதலில் போகும், பிறகு சொக்கெட் பிடிக்கிற அறுகோணத்தின் மூலைகள் மழுங்கும்.

இறுக்கமாக இருந்தால் பிளக்கைச் சுற்றியுள்ள மண்ணையும் உப்பையும் ஊதிவிட்டு (சைக்கிள் பம்பே போதும்), துருநீக்கி எண்ணெய் விட்டு ஓர் இரவு விடுங்கள். காலையில் கால் சுற்று அவிழ்த்து, திரும்ப இறுக்கி, இன்னும் கொஞ்சம் எண்ணெய் விட்டு, மறுபடி அவிழ்த்து, இப்படி முன்னும் பின்னுமாக ஆட்டி எடுக்க வேண்டும். வார்ப்பிரும்பு ஹெட் என்றால் எஞ்சின் இளஞ்சூடாக இருப்பது உதவும். அலுமினிய ஹெட்டில் சூட்டோடு திருகினால் பிளக்கோடு சேர்ந்து புரியும் வந்துவிடும், ஆற விடுங்கள்.

சரி, முறிந்தே விட்டது. என்ன முறிந்தது என்று பார்க்காமல் கருவிப்பெட்டியைத் திறப்பது அடுத்த தவறு. வெள்ளைப் பீங்கான் மட்டும் உடைந்து அறுகோணம் நல்லபடி இருந்தால் துண்டுகளைப் பொறுக்கிவிட்டு வழக்கம்போலக் கழற்றலாம். அறுகோணமும் முறிந்து, இரும்பு உடல் மட்டும் புரிக்குள் மாட்டிக்கொண்டதுதான் உண்மையான தலையிடி. அந்த நேரத்தில் பக்கத்தில் நிற்கிற யாராவது ஒருவர் "சுத்தியலால தட்டி உள்ள இறக்கு தம்பி, ஸ்டார்ட் பண்ணினா சைலென்சரால வெளிய வந்திடும்" என்பார். கேட்காதீர்கள். அந்தப் பீங்கான் அலுமினா, இரும்பைவிடக் கடினம். பிஸ்டனுக்கும் ஹெட்டுக்கும் இடையில் ஒரு துண்டு மாட்டினால் சிலிண்டர் சுவரில் கோடு விழும், வால்வுக்கு அடியில் போய் நின்றால் கொம்ப்ரெஷன் (சிலிண்டருக்குள் அழுத்தம்) போய்விடும். காந்தம் விட்டுத் துழாவிப் பயனில்லை, பீங்கானும் அலுமினியத் தூளும் காந்தத்தில் ஒட்டாது. சேலைன் டியூப் மாதிரி ஒரு மெல்லிய குழாயை வக்யூம் கிளீனரில் ஒட்டி உறிஞ்சி எடுக்கலாம், ஆனால் முழுதும் வந்துவிட்டது என்று நம்பிக்கையாகச் சொல்ல முடியாது.

என் கணக்கில், உடல் உள்ளே மாட்டிவிட்டால் ஹெட்டைக் கழற்றுவதுதான் மலிவான வழி. ஹெட்டுக்கு அடியில் போடுகிற கஸ்கட்டின் காசுக்குப் பயந்து ஹெட்டை இருந்த இடத்திலேயே வைத்துத் துளைக்கப்போய், கடைசியில் லேத் பட்டறைக்கு அதைவிடப் பல மடங்கு கொடுப்பவர்கள்தான் அதிகம். பக்கவால்வு எஞ்சின் உள்ள பழைய பம்புகளில் ஹெட் என்பது சில போல்ட்டுகள் பிடித்த ஒரு மூடி, அவ்வளவுதான். டிஈ20இல் மட்டும் ஒரு கவனம்: அதன் லைனர்கள் (பிஸ்டன் ஓடுகிற குழாய்கள்) எஞ்சினைக் குளிர்விக்கிற தண்ணீருக்குள் நேரே நிற்பவை. ஹெட்டைக் கழற்றியபின் லைனர்களை அழுத்திப் பிடிக்க ஒன்றும் வைக்காமல் எஞ்சினைச் சுற்றினால் அவை மேலெழும்பி, கீழே உள்ள சீல் விட்டு, தண்ணீர் ஒயிலில் கலந்துவிடும். தண்ணீரை வடித்துவிட்டுத் தொடங்குங்கள், சுற்றவே வேண்டாம்.

ஹெட் மேசைக்கு வந்தபிறகு பீங்கானைத் தாராளமாகத் தட்டி வெளியேற்றலாம். அடுத்து எக்ஸ்ட்ராக்டர், முறிந்ததை உள்ளே பிடித்துத் திருகி எடுக்கிற கருவி. சுருள் வடிவத்தில் வருவதைப் போடாதீர்கள். அது உள்ளே போகப் போக மெல்லிய உடலை வெளிப்பக்கமாக விரித்து இன்னும் இறுக்கும். அது உள்ளே முறிந்தாலோ சாதாரணத் துளையூசி அதில் ஏறவே ஏறாது. நேர்விளிம்புள்ள, நாலு மூலை வகைதான் நல்லது. அதற்கும் அசையாவிட்டால் ஹக்ஸோ அலகால் உட்புறமிருந்து இரண்டு இடத்தில், ஹெட்டின் புரியைத் தொடாத ஆழத்துக்குக் கீறி, சிறு உளியால் உள்நோக்கி மடக்குங்கள். பொறுமை வேண்டிய வேலை, ஆனால் புரி பிழைக்கும்.

சூடாக்க காஸ் டோர்ச் எடுப்பவர்களுக்கு: பெற்றோல் தாங்கி பக்கத்தில் இருக்கக் கூடாது, துருநீக்கி எண்ணெயும் தீப்பிடிக்கும். பிளக்கை அல்ல, சுற்றியுள்ள வார்ப்பிரும்பு ஹெட்டை மெதுவாகச் சூடாக்குங்கள், தண்ணீர் ஊற்றி ஆற்றாதீர்கள், வார்ப்பிரும்பில் வெடிப்பு விழும். எஞ்சியிருக்கும் உடலில் ஒரு நட்டை வெல்டிங் செய்து திருகுவது நல்ல வழி, பல நேரம் அந்தச் சூடே புரியை இளக்கிவிடும். ஹெட் எஞ்சினில் இருக்கும்போதே இதைச் செய்வதென்றால் பற்றரியைக் கழற்றுங்கள், எர்த் கிளாம்பை ஹெட்டிலேயே போடுங்கள். சேஸியில் போட்டால் மின்சாரம் பெயாரிங் வழியாகப் போய் அதைக் கெடுக்கும்.

புதுப் பிளக் வாங்கும்போது பழையதைக் கையோடு கொண்டுபோங்கள், முறிந்த துண்டானாலும். புரியின் நீளம் 12.7 மில்லிமீற்றர், 19 மில்லிமீற்றர் என்று வரும். நீளம் கூடினால் பிஸ்டனில் இடிக்கலாம், குறைந்தால் மீதிப் புரியில் கரி படிந்து அடுத்த முறையும் இதே கூத்து. விரலால் மட்டும் சுற்றி ஏற்றி, வொஷர் தொட்டதும் ஸ்பனரால் அரைச் சுற்று. செப்பு கிரீஸ் மிக மெல்லியதாக, மின்முனையில் படாமல். பெரும்போகத்துக்கு வண்டியை இறக்க முன் ஒருமுறை கழற்றித் துடைத்துத் திரும்பப் போட்டால் பிளக் இறுகும் வாய்ப்பு குறையும்.