பைத்தானிலிருந்து நோடுக்கு டேட்டா அனுப்பும்போது எங்கே உடையும்?

கணக்குப் போடுவது பைத்தான், அதை வாங்கிக் காட்டுவது, ஜாவாஸ்கிரிப்ட்டை பிரவுசருக்கு வெளியே ஓட்டும் நோட் ஜேஎஸ். இரண்டும் ஒரே மெஷினில் ஓடினால் நடுவில் சர்வர் தேவையில்லை. பைத்தானின் ஸ்டாண்டர்ட் அவுட்புட்டை, அதாவது பிரின்ட் போகும் இடத்தை, நோட் பைப் (ஒரு நிரலின் வெளியீட்டை இன்னொன்றுக்குக் கொடுக்கும் வழி) வழியாகப் படிக்கட்டும். வரிக்கு ஒரு ஜேசான் ஆப்ஜெக்ட்; ஜேசான் என்பது இரண்டு மொழிகளும் படிக்கும் டேட்டா வடிவம். ஜேசானை எழுதும் பைத்தான் ஃபங்ஷனான டம்ப்ஸில் இன்டென்ட் (அழகுக்காக வரி பிரித்து எழுதுவது) கொடுக்காதீர்கள், கொடுத்தால் ஒரு ரெக்கார்ட் பல வரிகளில் சிதறிவிடும்.

கோடு எழுதும் முன் மாதிரி ரெக்கார்ட் ஒன்றைக் கையால் எழுதிப் பாருங்கள். ஜேசானில் ஸ்ட்ரிங், நம்பர், பூலியன், நல், அர்ரே, ஆப்ஜெக்ட் என ஆறே வகைதான். தேதிக்கும் பணத்துக்கும் அதில் இடமில்லை, எப்படி எழுதுவது என்று நாம்தான் பேசி முடிக்க வேண்டும்.

முதலில் ஐடி. பைத்தானின் முழு எண்ணுக்கு எல்லை கிடையாது. ஜாவாஸ்கிரிப்ட்டின் சாதாரண நம்பரோ 64 பிட் ஃப்ளோட். 9007199254740991 வரைதான் முழு எண்ணை நம்பலாம். 9007199254740993 என்று அனுப்பினால் அந்தப் பக்கம் 9007199254740992 ஆக இறங்கும். எரர் வராது, யாரோ ஒருவருடைய ஆர்டர் இன்னொருவர் பெயரில் திறக்கும்போதுதான் தெரியும். ட்விட்டர் தன் ஏபிஐயில் ஐடியை ஸ்ட்ரிங்காகவும் சேர்த்துக் கொடுத்தது இதனால்தான். ஐடியை யாரும் கூட்டிக் கழிக்கப் போவதில்லை, ஸ்ட்ரிங்காகவே அனுப்புங்கள். பணத்தைப் பைசாவாக்குங்கள்: ரூ.1249.50 என்பது 124950.

பைத்தானின் தேதி-நேர ஆப்ஜெக்டான டேட்டைமை அப்படியே கொடுத்தால் டம்ப்ஸ் டைப்எரர் தரும். ஐசோஃபார்மட்டில் ஸ்ட்ரிங்காக்குங்கள், கடைசியில் இந்திய நேரத்தைக் குறிக்கும் +05:30 கட்டாயம் இருக்கட்டும். அது இல்லாவிட்டால் ஜாவாஸ்கிரிப்ட் வெறும் தேதியை யூடிசி என்றும், நேரத்தோடு வரும் தேதியை உள்ளூர் நேரம் என்றும் எடுத்துக்கொள்ளும். விசித்திரமான விதி, ஆனால் விதி அதுதான்.

டம்ப்ஸில் அலவ்_நேன் ஃபால்ஸ் என்று வையுங்கள். இல்லையென்றால் ஜேசானில் இல்லாத நேனை (‘எண் அல்ல’ என்ற மதிப்பு) பைத்தான் தாராளமாக எழுதிவிடும், நோட் பார்ஸ் செய்யும்போது விழும்.

இனி தமிழ். பைத்தான் இயல்பாக ஒவ்வொரு தமிழ்க் குறியீட்டையும் (யூனிகோட் எழுத்துக்குத் தரும் எண்; ‘மி’ இரண்டு குறியீடு) ஆறு பைட் எஸ்கேப்பாக எழுதும். ‘தமிழ்’ என்ற சொல் 15 பைட்டுக்குப் பதில் 30 ஆகும். தவறில்லை, லாகில் படிக்கத்தான் முடியாது. டம்ப்ஸில் என்ஷ்யூர்_ஆஸ்கியை ஃபால்ஸ் ஆக்கினால் சரியாகும். விண்டோஸில் அதோடு ஸ்டாண்டர்ட் அவுட்புட்டை யூடிஎஃப்-8க்கு மாற்றாவிட்டால் என்கோட் எரர் வரலாம்.

பைப் டேட்டாவைத் துண்டுதுண்டாகத் தருகிறது, துண்டு எழுத்து எல்லையில்தான் முடியும் என்று எந்த உத்தரவாதமும் இல்லை. தமிழ்க் குறியீடு ஒன்றுக்கு 3 பைட். ஒரு பைட் இந்தத் துண்டிலும் இரண்டு அடுத்ததிலும் விழுந்து, ஒவ்வொரு துண்டையும் தனித்தனியே ஸ்ட்ரிங்காக்கினால், எழுத்துக்குப் பதில் கேள்விக்குறி போட்ட கறுப்பு வைரம்தான் மிஞ்சும். சின்ன டேட்டாவில் எல்லாம் ஒரே துண்டில் வந்துவிடுவதால் டெஸ்டில் இது பிடிபடாது. நோடின் ரீட்லைனைப் பயன்படுத்துங்கள். எழுத்தையும் வரியையும் அதுவே சேர்த்துத் தரும்.

பைத்தானில் ஒவ்வொரு பிரின்ட்டுக்கும் ஃப்ளஷ் ட்ரூ வையுங்கள். வைக்காவிட்டால் வரிகள் பஃபர் என்ற தற்காலிக நினைவிடத்திலேயே தங்கி, நோட் சும்மா காத்திருக்கும். டீபக் செய்திகள் எல்லாம் ஸ்டாண்டர்ட் எரருக்குப் போகட்டும். ‘இங்கே வந்தாச்சு’ என்ற ஒரு பிரின்ட் போதும் பார்ஸைக் கவிழ்க்க.

கடைசியாக ‘கொடி’ என்ற சொல்லை அனுப்பி ஒப்பிட்டுப் பாருங்கள். ‘கொ’வின் துணையெழுத்தை ஒரே குறியீடாகவும் எழுதலாம், ஒற்றைக் கொம்பும் காலுமாக இரண்டாகவும் எழுதலாம். கண்ணுக்கு ஒன்று, நிரலுக்கு வேறு. அனுப்புமுன் என்எஃப்சியாக (பிரிந்த குறியீடுகளைச் சேர்த்து எழுதும் யூனிகோட் வடிவம்) நார்மலைஸ் செய்தால் இரண்டும் ஒன்றாகிவிடும்.