ஒற்றைக்கு ஒற்றை: மார்ட்டினெஸ் மாதிரி கால் நீட்டித் தடுப்பது எப்படி?

2022 டிசம்பர் 18, உலகக் கோப்பை இறுதி ஆட்டம், 3–3. கூடுதல் நேரமும் தீர்ந்து 123ஆவது நிமிடம். பிரான்ஸின் கோலோ முவானி தனியாக வந்து அடித்த பந்து, அர்ஜென்டினா கோல்கீப்பர் எமிலியானோ மார்ட்டினெஸின் இடது காலில் பட்டுத் திரும்பியது. அந்த வீடியோவைப் பார்த்துவிட்டு சேலத்துப் பசங்கள் கிரவுண்டில் காலை அகட்டி விழுகிறார்கள். தொடை பிடித்துக்கொள்கிறது, பந்தும் உள்ளே போய்விடுகிறது. காலை நீட்டுவது கடைசி வேலை. முதல் வேலை, நிற்கிற இடம்.

கோல் 7.32 மீட்டர் அகலம், 2.44 உயரம். அடிப்பவன் பெனால்டி புள்ளியில், அதாவது 11 மீட்டரில் இருக்கும்போது நீங்கள் கோட்டிலேயே நின்றால் 7.32 மீட்டரும் உங்கள் தலையில். அவனுக்கு 2 மீட்டர் வரை நெருங்கிவிட்டால் மறைக்க வேண்டியது 1.33 மீட்டர்தான். உயரமும் சுருங்குகிறது: தரையிலிருந்து நேராக அடித்த பந்து அந்த இடத்தில் 44 செ.மீ.க்கு மேலே போனால் கிராஸ்பாருக்கு மேல் பறந்துவிடும். 44 செ.மீ. என்பது கிட்டத்தட்ட முழங்கால் உயரம். கைக்கு முன்னால் கால் வேலை செய்வது அதனால்தான்.

சொன்னால் நம்பமாட்டார்கள், கயிறு கட்டிக் காட்டுங்கள். 25 மீட்டர் நைலான் கயிற்றின் இரு முனைகளையும் இரண்டு போஸ்ட்களின் அடியில் கட்டி, நடுவை இழுத்துப் புள்ளியில் இருக்கும் பந்தோடு சேருங்கள். நடுவில் நின்று பந்தை நோக்கி நடந்தால் கயிறு இரண்டும் இடுப்பை நெருக்கிக்கொண்டு வரும்.

அடுத்து நேரம். அவன் பந்தைத் தள்ளிவிட்டு ஓடும்போது நீங்களும் ஓட வேண்டும். அடிக்கக் காலை ஓங்கியதும் அப்படியே நின்றுவிட வேண்டும். ஓடிக்கொண்டே காலை நீட்டினால் பந்து அக்குளுக்கடியில் போகும். 4, 5 மீட்டர் தள்ளி இருந்தால் இந்த வித்தையே வேண்டாம், நின்று டைவ் அடிப்பதுதான் சரி.

நின்றதும் ஒரு முழங்காலை உள்பக்கமாக மடக்கித் தரைக்கு அருகே கொண்டுவாருங்கள். கால்களுக்கு நடுவே உள்ள சந்து அடைபடும். மற்றக் காலைப் பக்கவாட்டில் நீட்டி, பாதத்தைத் தரையோடு வையுங்கள். நெஞ்சு நிமிர்ந்து, கைகள் விரிந்து, உள்ளங்கை முன்னால் பார்க்க இருக்கட்டும். முகத்தைத் திருப்பாதீர்கள், எல்லோரும் செய்கிற தப்பு இதுதான். இரண்டு முழங்காலும் தரையில் விழுந்தால் தெறித்து வரும் பந்துக்கு எழ முடியாது.

முதல் வாரம் 2 மீட்டரிலிருந்து கையால் எறியச் சொல்லுங்கள்: 6 பந்து, ஒரு நிமிடம் ஓய்வு, மூன்று சுற்று. பிறகுதான் காலால் அடிப்பது. தொடை உள்பக்கத் தசையைச் சூடேற்றாமல் ஒரு பந்தும் வேண்டாம்.

சேலத்தில் முக்கால்வாசி கிரவுண்ட் கட்டாந்தரை. கோல் முன்னால் 2 மீட்டருக்கு 2 மீட்டர் இடத்தை மூன்று விரல் ஆழம் கொத்தி, சரளைக் கல் பொறுக்கி, முந்தின சாயங்காலமே தண்ணீர் விடுங்கள். காலையில் ஊற்றினால் சேறாகும். முழங்கால் பேட் கட்டாயம்.

வெளியே ஓடிவருவது பந்தை மறைக்க, காலில் வைத்து ஆட அல்ல. 1990 உலகக் கோப்பையில் கொலம்பியாவின் ஹிகிட்டா கோலை விட்டு வெகுதூரம் வந்து பந்தை வைத்து விளையாடி, கேமரூனின் ரோஜர் மில்லாவிடம் பறிகொடுத்து கோல் வாங்கினார். மார்ட்டினெஸ் 2010இல் இங்கிலாந்து கிளப்பான ஆர்சனலுக்குப் போய், கிளப் கிளப்பாகக் கடனாகச் சுற்றி, 28 வயதில் 2021 ஜூனில்தான் அர்ஜென்டினாவுக்கு முதல் ஆட்டம் ஆடினார். இந்த வித்தையும் ஒரே நாளில் வராது, அவசரம் வேண்டாம்.

ஏற்காட்டுக்கு மேட்ச் ஆடப் போகிறவர்களுக்கு: மேலே, 1,500 மீட்டர் உயரத்தில், காற்று மெலிந்தது, கீழே பம்ப் அடித்த பந்து விறைக்கும், தூர ஷாட் சற்று வேகமாக வரும். போனதும் கேஜ் வைத்து அளந்து கொஞ்சம் காற்றை இறக்குங்கள். மூடுபனியில் பந்து நனைந்து வழுக்கும். கிளவுஸை ஆட்டத்துக்கு முன் லேசாக ஈரப்படுத்தினால் உள்ளங்கைப் பக்கத்து லேடெக்ஸ் ரப்பர் நன்றாகப் பிடிக்கும். திரும்பி வந்ததும் சோப்புத்தூள் போடாமல் வெதுவெதுப்பான தண்ணீரில் அலசி நிழலில் காயப்போடுங்கள். சேலத்து வெயிலில் மாடியில் போட்டால் லேடெக்ஸ் வெடித்துவிடும்.