நகையை கூரியரில் அனுப்பும்போது பேக்கிங் எப்படி இருக்க வேண்டும்?

பபிள் கவரில் மட்டும் போட்டு நகையை அனுப்பாதீர்கள். தடவினாலே மோதிரத்தின் மேடு தெரியும். திருடுவதற்கு பிளேடால் ஒரு கீறல் போதும்.

சங்கிலியின் ஒரு முனையை ஸ்ட்ராவுக்குள் நுழைத்து எடுத்துக் கொக்கியை மாட்டுங்கள், முடிச்சு விழாது. கல் வைத்தவற்றைத் தனித்தனியாகச் சுற்றுங்கள். வைரம் பக்கத்திலுள்ள தங்கத்தையும் கீறிவிடும். முத்துக்குப் பருத்தித் துணிதான் நல்லது. வெள்ளியில் ரப்பர் பேண்ட் வேண்டவே வேண்டாம், அதிலுள்ள கந்தகம் கருக்க வைக்கும்.

பிறகு சின்னக் கெட்டிப் பெட்டியில் வைத்து, இடைவெளியை ஸ்பாஞ்சால் அடைத்து, பபிள் ராப் இரண்டு சுற்று. அதைப் பெரிய அட்டைப்பெட்டிக்குள் எல்லாப் பக்கமும் 5 செ.மீ. இடம் விட்டு, கசக்கிய காகிதம் திணித்து வையுங்கள். மூடிக் குலுக்கிப் பாருங்கள். சத்தம் வந்தால் பிரித்து இன்னும் அடையுங்கள். உள்ளே ஆடும் பொருளில்தான் கல் கழன்று விழுகிறது.

நடு இணைப்பிலும் இரு ஓரங்களிலும் டேப் ஒட்டுங்கள். வெளியே ‘நகை’ என்றோ, நகைக்கடைப் பெயரோ கூடாது. நகைக்கு இன்சூரன்ஸே தராத கூரியர்கள் உண்டு, முன்பே கேளுங்கள். மூடுமுன் எடையோடு போட்டோ எடுத்து வைத்தால்தான் இழப்பீடு கேட்கும்போது ஆதாரம் இருக்கும்.