ஊர் வீட்டை விற்கும்போது முதலில் பார்க்க வேண்டியது வரிப் பிடித்தம்

"இலக்கியம்பட்டி, கலெக்டர் ஆபீஸ் பக்கம். அமைதியான ஏரியா, பஸ் வசதி உண்டு. வடக்குப் பார்த்த தனி வீடு, ஒகேனக்கல் குழாய் இணைப்பு, போர் தனி." அப்பா காலமாகி, அம்மாவும் தங்கை வீட்டுக்குப் போனபின் இப்படி ஒரு விளம்பரம் எழுதப் பத்து நிமிஷம் போதும். ஒகேனக்கல் குடிநீர் இணைப்பை விடாமல் போடுங்கள். போர்வெல் தண்ணீரில் ஃப்ளூரைடு உள்ள பகுதி நம் தர்மபுரி, வாங்க வருபவர் முதலில் கேட்பதே அதைத்தான். விலையும் படிந்துவிடும். வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைக்குச் சிக்கல் தொடங்குவது அதற்கப்புறம்தான்.

வாரிசுச் சான்று, பட்டா மாறுதல், வில்லங்கச் சான்று எல்லாம் தெரிந்த கதை. இரண்டு விஷயம் மட்டும் சொல்லிவிடுகிறோம். அப்பா உயில் எழுதாமல் இறந்து, அன்றைக்குப் பாட்டி, அதாவது அவருடைய அம்மா, உயிரோடு இருந்திருந்தால், இந்து வாரிசுரிமைச் சட்டப்படி பாட்டிக்கும் சம பங்கு உண்டு. பாட்டியும் பிறகு போயிருந்தால் அந்தப் பங்கு அத்தை, சித்தப்பா வரை பிரியும். அவர்கள் கையெழுத்து இல்லாமல் எந்த வக்கீலும் பத்திரத்தைச் சரி என்று சொல்லமாட்டார். இன்னொன்று, இணையத்தில் வில்லங்கம் ஒரு குறிப்பிட்ட ஆண்டிலிருந்துதான் கிடைக்கும். அதற்கு முந்தையதைச் சார்பதிவாளர் ஆபீஸில் மனுப் போட்டுத் தேட வேண்டும். தாய்ப் பத்திரத்தில், அதாவது சொத்தின் பழைய மூலப் பத்திரத்தில், "சேலம் மாவட்டம்" என்று இருந்தால் பயப்படாதீர்கள். தர்மபுரி தனி மாவட்டமானது 1965இல், அதிலிருந்து கிருஷ்ணகிரி பிரிந்தது 2004இல்.

பதிவுக்கு நேரில் போக முடியாவிட்டால் பவர், அதாவது உங்களுக்காகக் கையெழுத்துப் போட ஊரில் ஒருவருக்கு அதிகாரம் தரும் பத்திரம், எழுத வேண்டும். இந்தியத் தூதரகத்தில் சான்றொப்பம் வாங்கி அசலை அனுப்புங்கள். அது இந்தியா வந்து சேர்ந்த 3 மாதத்துக்குள் முத்திரைத் தீர்வை கட்டியாக வேண்டும். மாமாவோ மச்சானோ அதைப் பீரோவில் பத்திரமாக வைத்துவிட்டு, கிரையம் நெருங்கும்போது எடுத்துப் பார்த்தால் கெடு தாண்டியிருக்கும். சர்வே எண், சதுரடி, நான்கு எல்லை மூன்றையும் தாய்ப் பத்திரத்தில் உள்ளபடியே எழுதுங்கள். கிரையத்தன்று நீங்கள் உயிரோடு இருப்பதற்கான சான்றும் கேட்பார்கள், அதையும் கிரையத் தேதியை ஒட்டி வாங்கி அனுப்பிவிடுங்கள்.

இனிப் பிடித்தம், அதாவது விலையில் ஒரு பகுதியை வாங்குபவரே வரியாகப் பிடித்து அரசுக்குக் கட்டுவது. ஊரில் எல்லோருக்கும் தெரிந்தது ஒரே கணக்கு: 50 லட்சத்துக்குக் கீழே என்றால் பிடித்தம் கிடையாது, மேலே போனால் 1 சதவீதம். பத்திரம் எழுதுபவரும் அதையே சொல்வார், தரகரும் அதையே சொல்வார். அந்தக் கணக்கு இந்தியாவில் வசிப்பவர் விற்றால் மட்டும்தான். வரிச் சட்டப்படி விற்பவர் வெளிநாட்டில் வசிப்பவர் என்றால் 50 லட்சம் என்ற வரம்பே கிடையாது. 24 மாதத்துக்கு மேல் வைத்திருந்த சொத்துக்கு 12.5 சதவீதம், அந்த வரியின்மேல் 4 சதவீத செஸ் என்ற கூடுதல் வரி, ஆக 13 சதவீதம் பிடித்துக் கட்ட வேண்டியது வாங்குபவர் பொறுப்பு. அப்பா வைத்திருந்த காலமும் அந்த 24 மாதத்தில் சேரும்.

வீடு 48 லட்சம், வாரிசுகள் அம்மா, நீங்கள், தங்கை என்று வையுங்கள். உங்கள் பங்கு 16 லட்சம், அதில் 2,08,000 ரூபாய் பிடித்தம். ஊரில் இருக்கும் அம்மா, தங்கை பங்குக்குப் பிடித்தம் இல்லை. அதனால் கிரையப் பத்திரத்திலேயே மூன்று பங்கையும் மூன்று காசோலையையும் தனித்தனியாகக் காட்டச் சொல்லுங்கள். மொத்தமாக அம்மா கணக்கில் போட்டுவிட்டுப் பிறகு பிரித்துக்கொள்ளலாம் என்பது நம் ஊர்ப் பழக்கம். வரிக்கணக்கில் அது வம்பு.

உண்மையான வரி லாபத்துக்குத்தான், பிடித்தமோ முழு விலைக்கும் என்பதுதான் எரிச்சல். குறைத்துப் பிடிக்கச் சான்றிதழ் தரும்படி வருமான வரித் துறைக்கு நீங்கள் விண்ணப்பிக்கலாம். வாரக்கணக்கில் ஆகும். அது கைக்கு வருமுன் வாங்கிய பணத்துக்கு, அட்வான்ஸ் உட்பட, செல்லாது. ஆகவே அக்ரிமென்டில் மூன்று மாதக் கெடு போட்டு, அட்வான்ஸைச் சிறிதாக வாங்குங்கள். அப்பா வாங்கிய பத்திரம், வீடு கட்டிய கடன் கணக்கு, பிளான் அனுமதி இவைதான் லாபத்தைக் குறைத்துக் காட்டும். 1-4-2001க்கு முந்தைய சொத்து என்றால் அன்றைய மதிப்பைப் பொறியாளரிடம் மதிப்பீடாக வாங்கி வைக்கலாம். உங்கள் வருமான வரி பான் எண் செயலிழந்து கிடந்தால் பிடித்தம் இன்னும் ஏறும்.

வெளிநாட்டுக்குப் புதிதாக வந்தவர்கள் இதைக் கவனியுங்கள். ஏப்ரல் முதல் மார்ச் வரையிலான அந்த ஆண்டில் 182 நாளோ அதற்கு மேலோ இந்தியாவில் இருந்திருந்தால், வரிக்கு நீங்கள் அந்த ஆண்டு முழுக்க இந்தியாவில் வசிப்பவர்தான். அதுவரை ஊரிலேயே இருந்து நவம்பரில் விமானம் ஏறியவர் மார்ச் 31க்குள் கிரையம் முடித்தால் பழைய 1 சதவீதக் கணக்குக்குள் வருகிறார். ஏப்ரலுக்குத் தள்ளினால் 13. "சித்திரை பிறக்கட்டும், நல்ல நாள் பார்த்து முடிப்போம்" என்று வீட்டில் சொல்வார்கள். பங்குனியிலேயே, மார்ச் 31க்குள், ஒரு முகூர்த்தம் பார்க்கச் சொல்லுங்கள்.

ரொக்கம் வேண்டவே வேண்டாம். வீட்டு அட்வான்ஸாக 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்கினால் அதே அளவு அபராதம் வரும். பணம் உங்கள் என்ஆர்ஓ கணக்குக்கே, அதாவது வெளிநாட்டில் வசிப்பவர் இந்தியப் பணத்துக்காக இங்குள்ள வங்கியில் வைக்கும் கணக்குக்கே, வரட்டும். பழைய சேமிப்புக் கணக்கை என்ஆர்ஓவாக மாற்றாமல் வந்திருந்தால் விளம்பரம் போடுமுன் மாற்றுங்கள். அதிலிருந்து ஒரு நிதியாண்டில் 10 லட்சம் டாலர் வரை வெளியே கொண்டுபோகலாம். வங்கி ஆடிட்டர் சான்று கேட்கும், வரி கட்டிய ரசீதைக் கையோடு வைத்திருங்கள்.